உணவும் போஷாக்கும்: சமுதாயக் கல்லூரியில் ஒரு படிப்பு

நூலின் நம்பரும் எடையும் அறியாமல் எந்த நெசவாளரும் தறியில் பாவு ஏற்றுவதில்லை. நிலத்தின் தன்மையறியாமல் எந்த விவசாயியும் விதைப்பதில்லை. ஆயினும் நாள்தோறும் உண்ணும் ஆகாரத்தில் என்ன சத்து எவ்வளவு உள்ளதென்று நம்மில் பெரும்பாலோர் கணக்கிட்டதில்லை. அக்கணக்கைக் கற்பிக்கும் படிப்பே இம்மாதப் பாடம்.

சமுதாயக் கல்லூரி யாது?

பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்களுக்கும், பட்டப்படிப்புக்கு வசதியற்றவர்களுக்கும் தொழிலறிவு புகட்டும் ஸ்தாபனமே சமுதாயக் கல்லூரி. இத்தகைய கல்லூரி 1901-ல் அமெரிக்காவின் ஜோலியட் நகரில் தோன்றியது. நம் பக்கத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் 1995-ல் இம்முயற்சியைத் தொடங்கிற்று. பின்னர் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் பரவிற்று. உணவுப் பாடம் எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. விசாரித்தே சேர வேண்டும். அருகில் கிடைக்காதோர், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பை வீட்டிலிருந்தே பயிலலாம்.

படிப்பின் பயன்

இவ்வாராய்ச்சி நமக்குப் புதிதன்று. 1918-ல் குன்னூரில் ஒரே அறையில் மெக்கரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய ஆய்வே, 1958-ல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அந்நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம்.

இனி நம் வீட்டுச் சரக்கைப் பார்ப்போம். 100 கிராம் அரிசியில் புரதம் சுமார் 7 கிராம், துவரம் பருப்பில் 22, நிலக்கடலையில் 25. நம் ஜில்லாவின் ஜவ்வரிசியிலோ ஒரு கிராமும் இல்லை; அது மாவுச்சத்தே. விற்பனைக்கு அது நல்ல பண்டம். குழந்தைக்குக் கஞ்சியாக்கினால் பயறோ, வறுத்தரைத்த கடலையோ சேர்த்தல் அவசியம். எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. அரிசியில் மிக அற்பம்.

இரத்த சோகையைப் பற்றிய பாடம் மிக முக்கியமானது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவிகிதத்தினர் இரத்த சோகையுற்றவர்கள். தார் சுற்றியும் தறியில் அமர்ந்தும் உழைக்கும் நம் பெண்களின் அயர்வைச் சோம்பலென்று கருதுவது தவறு. மருத்துவரிடம் காட்ட வேண்டும். கீரை, பயறு ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க, நெல்லிக்காயும் எலுமிச்சையும் துணை செய்யும். சாப்பிட்ட உடனே அருந்தும் தேநீர் அதைத் தடுக்கும். அம்மாபேட்டைத் தறிக்கூடங்களில் தேநீருக்குக் குறைவில்லை. அதை ஒரு மணி நேரம் தள்ளி அருந்தினால் செலவின்றியே நன்மை உண்டு.

சங்கத்தின் கடமை

ஒருவர் கற்றால் ஒரு தெரு பயனடையும். ஆகவே ஒவ்வொரு சங்கமும் ஓர் அங்கத்தினர் குடும்பத்துப் பெண்ணையாவது இப்படிப்புக்கு அனுப்ப முன்வர வேண்டும். உபவிதிகள் இடம் தருமாயின், அவருடைய கட்டணத்துக்குப் பொது நல நிதியிலிருந்து உதவுவதைப் பொதுக்குழு ஆலோசிக்கலாம். படித்துத் திரும்பியவர் மாதமொரு முறை சங்கக் கட்டடத்தில் பாடம் சொல்ல வேண்டுமென்பதே நிபந்தனையாக இருக்கட்டும்.

விவாதத்திற்குரிய கேள்விகள்

1. உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் வாங்கும் அரிசி எவ்வளவு? பருப்பும் பயறும் எவ்வளவு?
2. விளைந்த கடலையிலும் கேழ்வரகிலும் வீட்டுக்கு எவ்வளவு நிறுத்திக்கொள்கிறீர்கள்?
3. உங்கள் சங்கத்திலிருந்து யாரை அனுப்பலாம்?