குளிரும் மருந்தைக் கெடுக்கும்

வெப்பம் மருந்தைக் கெடுக்கும் என்பதை நாம் அறிவோம். கடுங்குளிரும் அதனைக் கெடுக்கும் என்பதைப் பலர் அறியார். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகமண்டலத்தின் தாழ்ந்த நிலங்களில் உறைபனி படிகிறது. தேயிலைத் தளிரைக் கருக்கும் அப்பனி மருந்துப் பெட்டிக்கும் பகையாகும்.

ரணஜன்னி, கக்குவான் முதலிய நோய்களுக்கான தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு வரையில் காத்தல் வேண்டும். ஒருமுறை உறைந்தால், மீண்டும் உருகினாலும் அவற்றின் வீரியம் மீளாது. ஆகவே, பெட்டியில் இடும் பனிக்கட்டிப் பைகளைக் குலுக்கினால் நீர் அசையும் ஓசை கேட்கும்வரை வெளியே வைத்திருந்த பின்னரே உள்ளே அடுக்குதல் வேண்டும்.

ஆம்புலன்ஸ் வண்டியிலுள்ள உப்புநீர்க் குப்பிகளையும் இரவுக் குளிரில் விடலாகாது. பிரசவத்தில் இரத்தம் இழந்த தாய்க்குக் குளிர்ந்த நீர் ஏறினால் உடற்சூடு தணியும்; சூடு தணிந்தால் இரத்தப்போக்கு நிற்பதும் தாமதமாகும்.

மலைப் பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை எளியனவே. வண்டி நிற்கச் சுவருள்ள கொட்டகை ஒன்று அமைக்கலாம். உலர்ந்த கம்பளிகளைச் சேகரித்து வைக்கலாம். குப்பிகளை இரவில் கட்டடத்தினுள் வைத்து, வண்டி புறப்படும்போது ஏற்றுமாறு ஏற்பாடு செய்யலாம். மூடிய கொட்டகையில் கரியடுப்பு மூட்டுதல் மட்டும் கூடாது. அதன் நச்சுவாயு உயிரைப் போக்கும். பனிக்காலம் தொடங்குமுன் இவற்றை முடித்தல் நமது கடமையாகும்.