பால் வாளிக்குள் இருக்கும் உயிரணு

அன்புள்ள கயல்விழிக்கு,

உயிரணுப் படத்தை வரைந்து பாகங்களின் பெயர்களையும் எழுதிவிட முடிகிறது, ஆனால் அது நமக்குச் சம்பந்தமில்லாத எங்கோ ஒரு பொருள் போலவே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நியாயமான வருத்தம்தான். பாடநூலில் வெங்காயத் தோலும் கன்னத்தின் உட்புறத்துச் செல்லும்தான் வருகின்றன. கெடாவில் பிறந்த பிள்ளைக்கு அவற்றைவிட நெருக்கமான உயிரணு ஒன்று இருக்கிறது. பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் உன் பாட்டி இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டியது அதைத்தான்.

பால்மரத்துப் பாலை, அதாவது ரப்பர் மரத்தின் பாலை, வேரிலிருந்து ஏறிவரும் நீர் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் அது உயிரணுக்களின் சைட்டோபிளாசம். செல் சவ்வுக்குள் உட்கருவைச் சூழ்ந்து நிற்கும் கூழ்மம் என்று நீ படிக்கிறாயே, அதேதான். பெரும்பாலான செடிகளில் அதை வெளியே எடுக்க ஆய்வுக்கூடத்தில் திசுவை அரைக்க வேண்டும். பால்மரத்தில் ஓர் உளி போதும், அது தானாக மங்கு என்னும் கிண்ணத்தில் வந்து விழுகிறது. உயிரணுவைப் பற்றிப் படிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மரப்பட்டைக்கும் உயிரணுவுக்கும் பழைய உறவு உண்டு. 1665இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்தது தக்கையை, அதாவது ஒரு மரத்தின் பட்டையை. அவர் கண்டவை இறந்த செல்களின் சுவர்கள் மட்டுமே. உள்ளிருந்த உயிர் எப்போதோ போய்விட்டிருந்தது. எல்லாத் தாவரங்களும் உயிரணுக்களால் ஆனவை என்று 1838இல் ஷ்லைடனும், விலங்குகளும் அப்படியே என்று 1839இல் ஷ்வானும் சொன்னார்கள். ஓர் உயிரணு இன்னோர் உயிரணுவிலிருந்தே பிறக்கிறது என்பது விர்ச்சோ 1855இல் வலியுறுத்திய கருத்து. இவற்றை உன் ஆசிரியர் சொல்லியிருப்பார்.

இப்போது பால்மரத்தின் பட்டைக்கு வா. வெளியே ஹூக் பார்த்தது போன்ற இறந்த தக்கைச் செல்கள். அதற்குள் கரடுமுரடான கெட்டிப்பட்டை. அதற்கும் உள்ளே மிருதுவான பட்டை. பால்குழாய்கள் பெரும்பாலும் இங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. அதையும் தாண்டினால் கேம்பியம் என்ற மெல்லிய படலம், பிறகு கட்டை. கேம்பியத்தின் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. உட்புறம் தள்ளுபவை கட்டையாகின்றன, வெளிப்புறம் தள்ளுபவை பட்டையாகின்றன. அப்படி வெளிப்புறம் பிறக்கும் செல்களில் சில, ஒன்றன் மேல் ஒன்றாக வரிசையில் நின்று, தமக்கிடையே உள்ள சுவரைக் கரைத்துவிடுகின்றன. பழைய லயத்து வீடுகளை நினைத்துக்கொள்: ஒரே கூரை, வரிசையாக அறைகள், நடுவில் தடுப்புச் சுவர். அந்தத் தடுப்புகளையெல்லாம் எடுத்துவிட்டால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரே நீளக் கூடமாகிவிடும் அல்லவா? பால்குழாய் அப்படிப்பட்டது. பல செல்கள் சேர்ந்து ஒரே சைட்டோபிளாசத்தைப் பகிர்ந்துகொள்கின்றன; உட்கருக்கள் மட்டும் பல. பக்கத்துக் குழாய்களோடும் அவை இணைந்து பட்டைக்குள் வலை வலையாய் ஓடுகின்றன. பட்டையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவினால் மங்கு நிறைய வருவது இதனால்தான். வெட்டிய இடத்துச் செல் மட்டுமல்லாமல், அதோடு தொடர்புடைய பெரிய பரப்பே வடிகிறது.

அந்தப் பாலுக்குள் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடித்த கதையில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. பி.சி. சேகர் என்ற பெயரை நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1929இல் சுங்கை பூலோவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 1925இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்து, 1966இல் அதன் இயக்குநரான முதல் ஆசியர். அவரும் குக் என்பவரும் 1953இல், புவியீர்ப்பைப் போல் 59,000 மடங்கு விசையில் பாலைச் சுழற்றி, அது பிரியும் விதத்தை எழுதினார்கள். 1959இல் அதே கழகத்தின் மோயர் 11 அடுக்குகளை அடையாளம் காட்டினார். வெள்ளையாகத் தெரியும் ஒரு திரவம் குழாய்க்குள் அடுக்கடுக்காய்ப் பிரிந்து நின்றபோது, ஓர் உயிரணுவின் உட்புறம் கண்ணுக்கு முன் வந்து நின்றது.

மேலே மிதப்பது ரப்பர் துகள்கள். பாலின் எடையில் ஏறக்குறைய 30 முதல் 40 விழுக்காடு ரப்பர். ஒவ்வொரு துகளையும் கொழுப்பும் புரதமும் கலந்த மெல்லிய உறை மூடியிருக்கிறது. அந்த உறையில் உள்ள நொதிகள்தான் சிறு மூலக்கூறுகளைக் கோத்து நீண்ட ரப்பர் சங்கிலியாக்குகின்றன. உறைகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. ஸ்டோரில் ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் அந்த மின்னூட்டம் போய், துகள்கள் ஒட்டிக்கொண்டு பால் உறைகிறது. ரப்பருக்கு அடுத்துச் சில வகை மரங்களில் பாலுக்கு மஞ்சள் சாயல் தரும் துகள்கள். ஃப்ரை-விஸ்லிங் துகள்கள் என்று பெயர். நம் கெடாவுக்கு நேர் எதிரே, நீரிணையைத் தாண்டி, சுமத்ராவின் மேடானில் ரப்பர் ஆய்வு நிலையத்தில் வேலை செய்த சுவிஸ் தாவரவியலாளரின் பெயர் அது. நடுவில் தெளிந்த நீர்மம்; சர்க்கரையும் நொதிகளும் கரைந்திருப்பது. அடியில் சாம்பல் நிறத்தில் தங்குபவை லூட்டாய்டுகள்.

லூட்டாய்டைப் பற்றிச் சற்று நின்று சொல்கிறேன், ஏனென்றால் சவ்வு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை கிடையாது. தாவரச் செல்லில் வாக்குவோல் என்ற பை இருப்பதைப் படித்திருப்பாய். லூட்டாய்டு அந்த வகையைச் சேர்ந்த சிறு பை. அதற்குள் அமிலத்தன்மை, வெளியே சைட்டோபிளாசத்தில் நடுநிலை. இடையில் இருப்பது ஒற்றைச் சவ்வு. அது உடையாதவரை பால் ஓடும். வெட்டுவாயில் குழாய் திறந்து, அழுத்தம் சட்டென்று இறங்கி, பால் வேகமாகப் பாயும்போது சில லூட்டாய்டுகள் உடைகின்றன. உள்ளிருந்த அமிலச் சாறும் ஹெவீன் முதலான புரதங்களும் வெளிவந்து ரப்பர் துகள்களைப் பிணைக்கின்றன. வெட்டுவாய் அடைபடுகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில், சில சமயம் மூன்று மணி நேரத்தில், சொட்டு நிற்கிறது. வெட்டின் மேல் நாடாவாய்க் காய்ந்திருக்கும் பாலைப் பாட்டி மறுநாள் உரித்து எடுப்பாரே, அதன் தொடக்கம் இந்தச் சவ்வின் உடைவு. மரத்துக்கு இது காயத்தை மூடும் வழி. ஹெவீன் பூஞ்சைகளின் சுவரில் உள்ள கைட்டினைப் பற்றிக்கொள்ளும் புரதம். ஆக, காயத்துக்குக் காவலும் அதுவே.

இருட்டில் ஏன் வெட்ட வேண்டும் என்று நான் சிறுமியாய் இருந்தபோது கேட்டதற்கு, வெயில் ஏறினால் மரம் பால் கொடுக்காது என்றார் உன் பாட்டி. சரியான விடை. சவ்வு தண்ணீரை விடும், கரைந்திருக்கும் பலவற்றை எளிதில் விடாது. அதனால் சர்க்கரையும் உப்புகளும் செறிந்த பால்குழாய்க்குள் தண்ணீர் நுழைகிறது. சவ்வூடு பரவல் என்று நீ படிப்பது இதுதான். நுழைந்த தண்ணீர் செல் சுவரை உள்ளிருந்து தள்ளுகிறது. இரவில் இலைத்துளைகள் மூடியிருப்பதால் மரம் அதிக நீரை இழப்பதில்லை. விடியுமுன் குழாய்க்குள் அழுத்தம் பத்து வளிமண்டல அளவையும் தாண்டக்கூடும். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக்குகின்றன, குழாயின் விறைப்பு தளர்கிறது. அப்போது வெட்டினால் அதே மரம் குறைவாகவே கொடுக்கும்.

வடிந்தது ஒரு செல்லின் உள்ளடக்கம் என்றால் அந்தச் செல் செத்துப்போகாதா? நல்ல கேள்வி, நீ கேட்காவிட்டாலும் கேட்டதாக வைத்துக்கொள்கிறேன். உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் பெரும்பாலும் சுவரை ஒட்டிய பகுதியிலேயே தங்கிவிடுகின்றன, வெளியே ஓடுவதில்லை. தங்கியவை மீண்டும் வேலையைத் தொடங்குகின்றன. இலையின் பசுங்கணிகங்களில் உண்டான சர்க்கரை பட்டை வழியே இறங்கி வருகிறது. பால்குழாயின் சவ்வு ஆற்றலைச் செலவு செய்து அதை உள்ளே இழுக்கிறது. மைட்டோகாண்ட்ரியா ஆற்றலைக் கொடுக்க, உட்கருவிலிருந்து வரும் செய்திப்படி ரைபோசோம்கள் நொதிகளைச் செய்ய, மறுபடி ரப்பர் உருவாகிறது. இதற்கு நேரம் வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது அதற்குத்தான். ஆசைப்பட்டு ஓயாமல் வெட்டினால் குழாய்க்குள்ளேயே பால் உறைந்து, வெட்டும் பகுதி வறண்டுவிடுகிறது. மரம் உயிரோடிருக்கும், பால் வராது.

இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும் சரிவிலும் காரணம் இருக்கிறது. பால்குழாய்கள் நேராக ஏறாமல், மேலே போகப் போகச் சில பாகை வலப்புறம் சாய்கின்றன. அந்தச் சரிவு அவற்றைக் குறுக்கே அதிகமாக அறுக்கிறது. அதே சமயம் உளி கேம்பியத்தைத் தொடவே கூடாது. பட்டையைச் சீவி, கேம்பியத்தைக் காப்பாற்றி, மறுபடி வளரும் பட்டையில் திரும்ப வெட்டலாம் என்பதை 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி நிலைநாட்டினார். அதற்குமுன் பிரேசில் காடுகளில் மரத்தைக் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். உளி கட்டையில் பட்டால் அங்கே புதுச் செல் பிறப்பது கெட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். காயம் போட்ட மரத்தைப் பார்த்து, தோட்ட வேலையைக் கவனித்த கிராணி ஏன் அவ்வளவு சத்தம் போட்டார் என்பது இப்போது உனக்குப் புரியும். மங்கலான விளக்கொளியில், ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் நிறுத்திய கைகள் நம் பெண்களுடையவை. அதைப் படிக்காதவர்களின் வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

உட்கருவைப் பற்றி ஒன்று. தோட்டத்து மரங்களெல்லாம் ஏன் ஒன்றுபோல இருக்கின்றன? ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் வகையின் பெயரைக் கேட்டிருப்பாய். ஜாவாவின் ஒரு வகையையும், இன்றைய புத்ராஜெயா நிற்கும் நிலத்தில் இருந்த பிராங் பெசார் தோட்டத்தின் ஒரு வகையையும் கலந்து கிடைத்த மரம் அது. அதன் மொட்டை எடுத்து நாற்றுகளில் ஒட்டுகிறார்கள். மொட்டின் செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் உட்கருவில் உள்ள 36 குரோமோசோம்களும் படியெடுக்கப்பட்டு இரண்டிலும் போய்ச் சேர்கின்றன. ஆகவே அந்த வகை ஒட்டுமரங்கள் அத்தனையிலும் ஒரே மரபுச் செய்தி. விதை போட்டு வளர்த்தால் இரு பெற்றோரின் செய்தி கலந்துவிடும், ஒன்று நிறையக் கொடுக்கும், இன்னொன்று ஏமாற்றும்.

சுங்கை பட்டாணியைச் சுற்றிப் பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. ஆனால் பாலிங், சிக் பக்கம் சிறுதோட்டக்காரர்கள் இன்னும் பால் வெட்டுகிறார்கள். விடுமுறையில் அப்பாவை அழைத்துக்கொண்டு போ. கேட்டுவிட்டு, ஒரு மூடியிட்ட சிறு குப்பியில் கொஞ்சம் பால் வாங்கி, உறையாமலிருக்க ஓரிரு துளி அம்மோனியாவை ஆசிரியர் கையால் சேர்க்கச் சொல். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு துளியை நிறைய நீரில் கலந்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, 400 மடங்கில் பார். பெரிய ரப்பர் துகள்கள் புள்ளிகளாகத் தெரியும், ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். உயிர் இருப்பதால் துடிக்கவில்லை. நீர் மூலக்கூறுகள் இடிப்பதால் துடிக்கின்றன. 1827இல் இந்த அசைவை மகரந்தத்தின் உள்துகள்களில் கவனித்த ராபர்ட் பிரவுன்தான், சில ஆண்டுகள் கழித்து ஆர்க்கிட் இலைகளைப் பார்த்து, செல்லின் நடுவில் உள்ள பொருளுக்கு உட்கரு என்று பெயர் வைத்தவர். பிறகு அதே நுண்ணோக்கியில் வெங்காயத் தோலையும் வைத்துப் பார். அங்கே சுவர்கள் இருக்கும், இங்கே சுவரே இல்லாத உட்பொருள் மட்டும் இருக்கும். இரண்டையும் வரைந்து எனக்கு அனுப்பு. லூட்டாய்டு தெரிந்ததா என்று எழுதாதே, அம்மோனியாவில் அது தாங்காது. அதற்குப் புதுப்பால் வேண்டும், அதை வேறொரு நாள் சேர்ந்து செய்வோம்.

அன்புடன்,
அத்தை