மனசுக்கேற்ற படம் சொல்லும் ஆப்

இரவு பத்து மணிக்கு அறந்தாங்கியில் கடையைச் சாத்திவிட்டு வீடு வருபவருக்கு மூன்று மணி நேரப் படம் எதற்கு? மனநிலைக்கேற்பப் படம் சொல்லும் ஆப் செய்ய நினைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

‘சோகமாக இருக்கிறீர்களா?’ என்று கேட்டால் போதாது. சோகத்தில் ஒருவர் ‘தில்லு முல்லு’ (1981) பார்த்துச் சிரிக்க நினைப்பார். இன்னொருவருக்கு ‘96’ (2018) பார்த்து அழுது தீர்த்தால்தான் தூக்கம் வரும். அதனால் ‘சிரிக்கணுமா, அழணுமா?’ என்று பொத்தான் வைப்பதே சரி. கூடவே, எவ்வளவு நேரம் இருக்கிறது, யாருடன் பார்க்கிறார் என்ற இரண்டு கேள்விகள்.

கோடிங் தெரியாதவர்களும் எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர் என்ற இணையக் கருவியில் கட்டங்களை இழுத்துப் பொருத்தி ஆப் செய்யலாம், கட்டணம் இல்லை. பார்த்து ரசித்த 50 படங்களை கூகுள் ஷீட்டில் எழுதித் தொடங்கலாம். போஸ்டர், நடிகர் விவரங்களை டி.எம்.டி.பி. என்ற திரைப்படத் தகவல் தளம் வணிக நோக்கமில்லாத ஆப்களுக்கு இலவசமாகத் தருகிறது. தளத்தின் பெயரை ஆப்பில் குறிப்பிட வேண்டும். அங்கே காமெடி, டிராமா போன்ற வகைகளும் இருக்கின்றன. ஆனால் மனநிலையைப் படம் பார்த்தவர் கையால் குறிப்பதே நல்லது.

பழைய படங்களை விட்டுவிடக் கூடாது. புதுக்கோட்டைக்காரர் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த ‘உத்தம புத்திரன்’ 1940-இல் வந்தது. தாத்தா பாட்டியுடன் உட்காருபவருக்கு அதற்கும் ஒரு பொத்தான் வேண்டும்.