முதுகில் விழும் கல்

வெள்ளானூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "ராத்திரி படிச்சது காலையில போயே போச்சு தாத்தா, எனக்கு மண்டையில ஒண்ணுமே இல்ல" என்று ஒரே அழுகை. போனில் பதில் சொன்னால் பாதியில் "சரி தாத்தா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நான் அடித்த கூத்தைக் கேள். ஆவடியில் காய் வாங்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தால் ஸ்கூட்டரைக் காணோம். அரை மணி நேரம் வரிசை வரிசையாகத் தேடினேன். ஸ்டாண்டுக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அன்றைக்கு நான் வந்தது ஷேர் ஆட்டோவில். வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது!

இதை வயசுக் கோளாறு என்கிறாள் உன் பாட்டி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் அதே ஸ்டாண்டு, அதே மூலை. ஒரே மாதிரி நாட்களை மூளை தனித்தனியாக வைத்துக்கொள்வதில்லை, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிவிடுகிறது. உளவியலில் இதற்குக் குறுக்கீடு என்று பெயர். நீ ஒரே மூச்சில் நாலு பாடத்துச் சூத்திரங்களைப் படித்தாயே, அங்கேயும் இதே கதைதான்.

இப்படிக் கலந்துவிடாமல் பல விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் வைத்த ஒருவரைச் சொல்கிறேன். நாகர்கோவிலில் படிக்கிற உனக்கு இடலாக்குடி பக்கம்தானே? செய்குத்தம்பி பாவலர் அந்த ஊர்க்காரர். 1907 மார்ச் 10-ஆம் தேதி, சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் அவர் சதாவதானம் செய்தார். சதம் என்றால் நூறு; ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் கலை அது. அதைச் செய்பவர், அதாவது அவதானி, நடுவில் உட்கார்ந்திருப்பார். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் பெருக்கல் கணக்குப் போடச் சொல்வார், ஒருவர் தேதியைச் சொல்லிக் கிழமை கேட்பார். இதற்கிடையில் முதுகில் அவ்வப்போது ஒரு கல் விழும், எங்கேயோ மணி அடிக்கும். எத்தனை கல், எத்தனை மணி என்று கடைசியில் சொல்ல வேண்டும். முதுகுப் பக்கம் கண்ணே கிடையாது, பார்த்துக்கொள். விழுகிற கணத்தில் கவனித்தால்தான் கணக்கு. விட்டால் விட்டதுதான், பிறகு யோசித்துப் பயனில்லை.

அந்தக் கலையின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. அவதானம் என்றால் கவனம். தமிழிலும் கவனகம் என்றுதான் சொல்கிறோம், நினைவகம் என்று சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று நாம் புலம்புவதில் பாதி, உள்ளேயே போகாதது. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாயா என்று கேட்க மாட்டேன். பதில் எனக்குத் தெரியும்.

உள்ளே போனதும் உடனே நிலைத்துவிடாது. டேங்க் பேக்டரியில் வேலை பார்த்தபோது, ஸ்டோரில் சொன்ன பார்ட் நம்பர் நான் ஷாப்புக்கு வருவதற்குள் பறந்துவிடும். மூன்று மூன்று எண்ணாக உடைத்து முணுமுணுத்துக்கொண்டே வந்தால் தங்கும். அந்தத் தற்காலிக இடம் அவ்வளவு சிறியது. அங்கிருந்து நிரந்தரத்துக்கு மாற்றும் வேலையில் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. 1953-ல் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது அமெரிக்கருக்கு, வலிப்பு நோய்க்காக, இரண்டு பக்கமும் அதில் ஒரு பெரிய பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதன்பின் 2008-ல் சாகும்வரை புதிதாகப் பார்த்த முகம் அநேகமாக எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. பிள்ளைப்பருவம் நினைவிருந்தது. இன்னொரு வேடிக்கை: கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரைய அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதை இதற்குமுன் செய்ததே இல்லை என்றார். கையின் நினைவு வேறு, பேச்சில் வரும் நினைவு வேறு. நீ நீச்சலை மறக்காமல் சூத்திரத்தை மறப்பது இதனால்தான்.

நிரந்தரத்துக்கு மாற்றும் அந்த வேலை தூக்கத்திலும் நடக்கிறது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி கண்விழிப்பதை விட்டுவிடு.

ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளை உருப்போட்டு, தன் மறதியைத் தானே அளந்து 1885-ல் புத்தகம் போட்டார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்குமேல் காலி. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு காலி. அதற்குப் பிறகு சரிவு மெதுவாகிவிடுகிறது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒன்று மிச்சமிருந்தது. ஆக, ராத்திரி படித்தது காலையில் போவது உனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை, பாப்பா.

இதற்கு மருந்து அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது. அங்கே பிள்ளைகள் சுவடியைப் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டியிருந்தது. தப்பினால் பிரம்பு. பிரம்பை நான் ஆதரிக்கவில்லை, ஒப்பிப்பதை ஆதரிக்கிறேன். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டுத் திணறித் திணறி வரவழைப்பது ஆழமாகப் பதிகிறது. திணறும்போது ஒன்றும் தெரியவில்லை என்றுதான் தோன்றும். அங்கேதான் நீ அழுதுவிட்டாய் என்று நினைக்கிறேன்.

இன்று படித்ததை நாளைக்கு ஒரு தடவை, நாலு நாள் கழித்து ஒரு தடவை, பத்து நாள் கழித்து ஒரு தடவை இப்படி வரவழைத்துப் பார். புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்கிறேன். புத்தகத்தை அறைத்தோழியிடம் கொடுத்துவிட்டு, ஒளிச்சேர்க்கைப் பாடத்தை எனக்குச் சொல்லு. எனக்கு அதில் அட்சரம் தெரியாது, அதனால் தைரியமாகத் திணறலாம்.

அன்புடன்,
தாத்தா