ஒரு சர்வர், இருபது கணினிகள்: நெட்வொர்க் வழியே இயங்குதளம் நிறுவுதல்



அலுவலகங்கள் கணினிகளை மாற்றும்போது பழையவற்றை டிரஸ்டுகளுக்கும் மதரஸாக்களுக்கும் கொடுப்பதுண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத, ஆனால் நன்றாக ஓடக்கூடிய கணினிகள் பல இப்போது ஒதுக்கப்படுகின்றன. அவற்றில் டெபியன் லினக்ஸ் போட்டால் பிள்ளைகளின் படிப்புக்கு மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். உரிமத்துக்குப் பணம் இல்லை. திருட்டு நகல் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

ஆனால் 20 கணினிகள் ஒரே நாளில் வந்து இறங்கினால் யார் உட்கார்ந்து போடுவது? பென்டிரைவைச் செருகி, கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் 20 மணி நேரம் ஆகும். போகப் போகக் கை சலித்து, ஒன்றில் தமிழ் எழுத்துரு விடுபடும், இன்னொன்றில் கடவுச்சொல் மாறும். இந்த வேலையை ஒரே ஒரு சர்வரிடம் ஒப்படைப்பது எப்படி என்பதே இந்தப் பாடம்.

எப்படி நடக்கிறது?

கணினிக்கு உயிர் வந்ததும் அது இயங்குதளத்தை வன்தட்டில் தேடும். நெட்வொர்க் கேபிள் வழியாகவும் தேடச் சொல்லலாம். இதற்கான முறைக்குப் பிஎக்ஸ்இ என்று பெயர். இன்டெல் நிறுவனம் வகுத்தது, அதன் 2.1 பதிப்பு 1999-இல் வந்தது. எனவே பழைய அலுவலகக் கணினிகளிலும் இந்த வசதி பெரும்பாலும் இருக்கும்.

நடப்பது நான்கு படிகள்:

1. கணினி "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று நெட்வொர்க்கில் கூவுகிறது. சர்வரில் உள்ள டிஹெச்சிபி சேவை ஐபி முகவரி ஒன்றைக் கொடுத்து, எந்தக் கோப்பை வாங்கித் தொடங்க வேண்டும் என்றும் சொல்கிறது.
2. கணினி அந்தச் சிறிய துவக்கக் கோப்பை டிஎஃப்டிபி சேவையிடமிருந்து வாங்குகிறது.
3. துவக்கக் கோப்பு, டெபியனின் கெர்னலையும் நிறுவல் நிரலையும் இறக்குகிறது.
4. நிறுவல் நிரல், நாம் முன்பே எழுதி வைத்த விடைத்தாளைப் படித்து, யாரையும் கேட்காமல் வேலையை முடிக்கிறது.

என்னென்ன வேண்டும்?

சர்வருக்குப் பழைய மடிக்கணினியே போதும். வைஃபையில் இணையம் எடுத்துக்கொண்டு, கேபிள் துளையைத் தனி ஸ்விட்ச் ஒன்றில் இணையுங்கள். புதுப்பிக்க வேண்டிய கணினிகளையும் அதே ஸ்விட்சில் கேபிளால் இணையுங்கள். வைஃபை வழியாக இந்த முறை பொதுவாக நடக்காது.

சர்வரில் மூன்று மென்பொருள்கள் தேவை. டிஎன்எஸ்மாஸ்க், டிஹெச்சிபி வேலையையும் டிஎஃப்டிபி வேலையையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும். என்ஜின்எக்ஸ் போன்ற ஒரு வெப் சர்வர், விடைத்தாளை வழங்கும். ஆப்ட்-கேச்சர்-என்ஜி, முதல் கணினிக்காக இறக்கிய பொதிகளைச் சேமித்து வைத்து மற்றவற்றுக்குக் கொடுக்கும். இதனால் 20 கணினிகளுக்கும் 20 முறை இணையத்தில் இறக்க வேண்டியதில்லை, டேட்டா மிச்சம்.

டிஎன்எஸ்மாஸ்க் அமைப்பில், கேபிள் துளையில் மட்டும் பதில் சொல்லும்படி கட்டாயம் குறிப்பிடுங்கள். ஒரே நெட்வொர்க்கில் இரண்டு டிஹெச்சிபி சேவைகள் முகவரி கொடுத்தால், கட்டடத்தில் மற்றவர்களுக்கு இணையம் நின்றுபோகும். தனி ஸ்விட்ச் வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

துவக்கக் கோப்பு எல்லாக் கணினிக்கும் ஒன்றல்ல. பழைய பயாஸ் வகைக்குப் பிஎக்ஸ்இலினக்ஸ் கோப்பு. புதிய யூஇஎஃப்ஐ வகைக்கு வேறு கோப்பு. தான் எந்த வகை என்பதைக் கணினி முகவரி கேட்கும்போதே சொல்லிவிடும். அதைப் பார்த்துச் சரியான கோப்பைக் கொடுக்க டிஎன்எஸ்மாஸ்கில் விதி எழுதலாம். இரண்டு வகைக் கோப்புகளும் டெபியன் தளத்தில் கிடைக்கும் நெட்பூட் தொகுப்பிலேயே இருக்கின்றன.

விடைத்தாள்

டெபியனில் இதற்குப் பிரீசீடு என்று பெயர். ரெட்ஹேட் வகையில் கிக்ஸ்டார்ட், உபுண்டுவில் ஆட்டோஇன்ஸ்டால். இது சாதாரண உரைக் கோப்புதான். மொழி தமிழ், நேரம் இந்திய நேரம், பொதிகளை ஆப்ட்-கேச்சர் வழியே எடு, லிப்ரே ஆஃபிஸ், தமிழ் எழுத்துருக்கள், சிறுவர்களுக்கான ஜிகாம்பிரிஸ் ஆகியவற்றைச் சேர் என்று வரிவரியாக எழுதலாம். விடைத்தாளின் முகவரியைத் துவக்கக் கட்டளையில் கொடுங்கள். அதோடு 'ஆட்டோ' என்ற அமைப்பையும் சேருங்கள். இல்லையென்றால் விடைத்தாள் வந்து சேரும் முன்பே மொழியையும் விசைப்பலகையையும் கேட்டு நின்றுவிடும்.

கடவுச்சொல்லை அப்படியே எழுதாதீர்கள். அந்த நெட்வொர்க்கில் உள்ள யாரும் இந்தக் கோப்பைத் திறந்து படிக்க முடியும். ஹேஷ் வடிவில் மாற்றி எழுதுங்கள்.

கவனம் தேவைப்படும் இடம்

கேள்வி கேட்காமல் நிறுவும் சர்வர், கேள்வி கேட்காமல் அழிக்கவும் செய்யும். யாராவது தம் சொந்த மடிக்கணினியை அந்த ஸ்விட்சில் செருகி, அது நெட்வொர்க் வழியே தொடங்கிவிட்டால், குடும்பப் புகைப்படங்களும் பிள்ளையின் புராஜெக்டும் சில நிமிடங்களில் போய்விடும். எனவே:

- துவக்கப் பட்டியலில் முதல் தேர்வு "வன்தட்டிலிருந்து தொடங்கு" என்றே இருக்கட்டும். நிறுவலை ஒருவர் கைப்பட அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும்.
- பழகும்வரை, வட்டைப் பிரிப்பதற்கான உறுதிக் கேள்விக்கு மட்டும் விடைத்தாளில் பதில் எழுதாமல் விடுங்கள். நிரல் அங்கே நின்று உங்களைக் கேட்கும்.
- வேலை முடிந்ததும் டிஎன்எஸ்மாஸ்கை நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு பொறுப்பும் உண்டு. கொடுத்தவரின் பழைய கோப்புகள் நம்மிடம் உள்ள அமானிதம். புதிய இயங்குதளம் போட்டால் பழையவை முழுவதும் அழிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மேலெழுதப்படாத இடங்களில் ஆதார் நகலோ சம்பளப் பட்டியலோ கிடக்கலாம். மீட்பு மென்பொருள் வைத்திருப்பவர் அதை எடுத்துவிடுவார். சுழலும் வன்தட்டு என்றால் என்வைப் போன்ற கருவியால் முழுவதையும் ஒருமுறை மேலெழுதிவிட்டு நிறுவுங்கள். எஸ்எஸ்டி என்றால் மேலெழுதுவதை நம்ப முடியாது. அந்த வட்டிலேயே உள்ள பாதுகாப்பான அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். கொடுத்தவருக்குத் தேவையான கோப்பு எதுவும் அதில் இல்லை என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்வது நல்லது.

செய்து பழகுங்கள்

பாலிடெக்னிக், பிசிஏ படிக்கும் பிள்ளைகள் இதற்கு 20 கணினிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு மடிக்கணினி, கைவிடப்பட்ட ஒரு கணினி, ஒரு கேபிள் போதும். கணினியை இயக்கியதும் எஃப்12 அல்லது எஃப்9 அழுத்தி நெட்வொர்க் துவக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முகவரியே கிடைக்கவில்லை என்றால் கேபிளையும் டிஹெச்சிபியையும் பாருங்கள். முகவரி கிடைத்தும் கோப்பு வரவில்லை என்றால் கோப்பின் பெயரையும் ஃபயர்வாலையும் பாருங்கள். டிஎஃப்டிபி யுடிபி 69-ஆம் போர்ட்டில் கேட்கும். எந்தப் படியில் நின்றது என்பதைச் சர்வரின் பதிவேடு சொல்லிவிடும்.

கல்லூரி ஆய்வகங்களிலும் அலுவலகங்களிலும் பல கணினிகளை ஒருசேரப் பராமரிக்கும் வேலைக்கு இது அடிப்படைப் பாடம். ஒரு முறை சரியாக எழுதிய விடைத்தாளைப் பத்திரமாக வைத்திருந்தால், அடுத்த முறை கணினிகள் வரும்போது இன்னொரு பிள்ளை அதை எடுத்துத் தொடரலாம்.