சோமதத்தன் என்னும் யானைக்கன்று: கோடை விடுமுறைக்கு ஒரு ஜாதகப் பாடம்



ஜாதகத் தொகுதியில் 547 கதைகள் உள்ளன. அவற்றுள் பலவற்றில் விலங்குகள் மனிதரைப் போலப் பேசி நமக்கு நீதி புகட்டுகின்றன. ஆனால், விலங்கு ஒன்று வாய்பேசாத விலங்காகவே வாழ்ந்து, வளர்த்தவரின் அன்பைப் பெற்று, இறந்து, அவரை அழவைத்த கதைகளும் அத்தொகுதியில் உண்டு. 372-ஆவதாகிய மிகபோதக ஜாதகமும் 410-ஆவதாகிய சோமதத்த ஜாதகமும் அத்தகையன. முன்னதில் இறப்பது மான்கன்று, பின்னதில் யானைக்கன்று. இவ்விரண்டனுள் பின்னதை இப்பாடத்திற்கு எடுத்துக்கொள்வோம்.

பாடத்தின் தேவை

செகந்திராபாத்தில் லாலாகுடா இரயில்வே தொழிற்சாலை 1893-ஆம் ஆண்டில் தோன்றியது. தென்மத்திய இரயில்வே 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் அந்நகரையே தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. இரயில்வேயும் கண்டோன்மெண்டும் அளித்த வேலைகளை நாடி அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அதனை அடுத்த மெட்டுகுடாவிலும் அத்தகையோர் வாழ்கின்றனர். பள்ளிக்கூடம் மூடியதும் பாட்டன் பாட்டியைக் காணப் பிள்ளைகளுடன் தமிழ்நாட்டிற்குப் புறப்படுவது இக்குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் வரும் மகிழ்ச்சி.

அவ்வாறு புறப்படும் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். அவ்வீட்டில் ஒரு நாய் வளர்கிறது. அதனை உடன் கொண்டு செல்ல வழியில்லை. அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்கின்றனர். மூன்று வாரங் கழித்து அவர்கள் திரும்பும்பொழுது, வாயிற்படியில் ஓடிவந்து காலைச் சுற்றும் பிராணி வரவில்லை. வெயில் தாங்காமல் அது இறந்து நான்கு நாளாயிற்று என்று அண்டை வீட்டார் தயங்கித் தயங்கிச் சொல்கின்றனர். சிறு பிள்ளை உண்ண மறுக்கிறது. “நாம் ஊருக்குப் போகாமல் இருந்திருந்தால் மணி செத்திருக்காதா, அப்பா?” என்று கேட்கிறது. அந்தத் தந்தை என்ன மறுமொழி கூறுவார்?

“ஒரு நாய்க்காகவா இவ்வளவு அழுகை?” என்று அதட்டுவது எளிது. நாளைக்கே வேறொரு குட்டியை வாங்கித் தருகிறேன் என்பது அதனினும் எளிது. இவ்விரண்டும் பிள்ளையின் கேள்விக்கு விடையாகா. சோமதத்த ஜாதகத்தில் அதற்கு விடை உண்டு.

கதை

சாவத்தி நகரத்து ஜேதவனத்தில் முதிய பிக்கு ஒருவர் ஒரு சிறுவனுக்குச் சாமணேர தீட்சை அளித்து, மகன்போல் பேணி வந்தார். அச்சிறுவன் நோயுற்று இறந்தான். முதியவர் துயரந் தாளாமல் அழுது திரிந்தார். பிக்குகள் இதனைக் குறித்துப் பேசிக்கொண்டிருக்க, பகவான் அங்கு வந்து, இவர் இவ்வாறு அழுவது இது முதல் தடவையன்று எனக் கூறிப் பழங்கதையை எடுத்துரைத்தார்.

முன்னொரு காலத்தில் காசி நாட்டுச் செல்வந்தராகிய பிராமணர் ஒருவர் இல்லத்தைத் துறந்து இமயமலைச் சாரலில் தவசியாக வாழ்ந்தார். காட்டில் யானைக்கன்று ஒன்றைக் கண்டு, தம் குடிலுக்குக் கொணர்ந்து, சோமதத்தன் எனப் பெயரிட்டு, புல்லும் தழையும் ஊட்டி வளர்த்தார். கன்று பருத்து வளர்ந்தது. ஒருநாள் அளவுக்கு மிஞ்சித் தின்று, செரியாமல் சோர்ந்தது. தவசி அதனைக் குடிலில் விட்டுவிட்டுக் கனி பறிக்கச் சென்றார். அவர் திரும்புமுன் அது இறந்துபோயிற்று. நாள்தோறும் தம்மை எதிர்கொண்டு வரும் கன்று இன்று ஏன் வரவில்லை என்று எண்ணியவாறே வந்தவர், அது கிடந்த கிடையைக் கண்டு புலம்பி அழுதார்.

தேவர்கோனாகிய சக்கன் இதனை அறிந்து அங்குத் தோன்றினான். வீடும் பொருளும் சுற்றமும் விட்டு வந்த துறவிக்கு இறந்ததை எண்ணி அழுவது தகுமோ என்று வினவினான். மனிதராயினும் விலங்காயினும் உடன் வாழ்ந்தால் நெஞ்சில் அன்பு பிறக்கிறது. பிறந்தபின் துயரப்படாதிருக்க இயலவில்லை என்று தவசி உள்ளதை உள்ளவாறே கூறினார். அழுகையால் மாண்டவர் மீள்வதாயின் நாம் அனைவரும் ஒன்றுகூடி நம்மவருக்காக அழுதிருப்போமே என்று சக்கன் தெளிவித்தான். நெஞ்சில் தைத்த முள் நீங்கப் பெற்றவராய்த் தவசி அமைதியடைந்தார்.

இறுதியில் பகவான் அன்றைய மாந்தரையும் இன்றைய மாந்தரையும் பொருத்திக் காட்டுகிறார். அந்தத் தவசியே இம்முதியவர். அந்த யானைக்கன்றே இறந்துபோன சாமணேரன். சக்கனாய் வந்தவர் போதிசத்துவர்.

முதற் கருத்து: துயரம் இழிவன்று

வளர்ப்புப் பிராணிக்காக வருந்துவதை இக்கதை நகைக்கவில்லை என்பதை முதற்கண் கவனிக்க வேண்டும். மகன்போல் வளர்த்த சாமணேரனுக்காக அழுத கண்ணீரும், யானைக்கன்றுக்காக அழுத கண்ணீரும் இங்கு ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. வந்தது ஒரு விலங்குதானே என்று சக்கன் கூறவில்லை. இறந்தது எதுவாயினும் துயரத்தின் இயல்பு ஒன்றே என்பதே அங்குப் பெறப்படும் பொருள்.

விலங்கின் அன்பையும் நம் நூல்கள் மெய்யன்பாகவே மதிக்கின்றன. தம்மபத அட்டகதையில் ஒரு நாயின் வரலாறு வருகிறது. அந்நாய் பிரத்தியேக புத்தர் ஒருவரை நாள்தோறும் அவர் குடிலிலிருந்து அழைத்துவந்து பழகியது. அவர் அவ்விடத்தை விட்டு அகன்றபொழுது, கண்ணுக்கு மறையும் வரை குரைத்து நின்று, நெஞ்சு வெடித்து மாண்டது. அந்த அன்பின் பயனாகவே அது தேவருலகில் பிறந்து, இனிய குரலால் கோசகன் எனப் பெயர் பெற்றது. சித்தார்த்தரின் குதிரையாகிய கந்தகனும் பிரிவாற்றாமல் உயிர் நீத்ததாகவே கூறப்படுகிறது. ஆகவே, அழும் பிள்ளையை அதட்டுதல் முறையன்று. அதன் அருகில் அமர்ந்து, இறந்த பிராணியின் நற்குணங்களை அது சொல்லச் சொல்லக் கேட்பதே முறை.

இரண்டாம் கருத்து: உள்ளதை உள்ளவாறு கூறல்

சக்கன் தவசிக்குப் பொய்யான ஆறுதல் ஏதும் கூறவில்லை. கன்று உறங்குகிறது என்றோ, எங்கோ நலமாக உள்ளது என்றோ சொல்லவில்லை. இறந்தது இறந்ததே, அழுகையால் அது எழாது என்றான். கிசாகோதமிக்குக் கடுகு வாங்கி வரப் பணித்த பகவானும் அவளை இந்த உண்மையின் வாயிலுக்கே அழைத்துச் சென்றார்.

பிள்ளைகளிடம் “அது ஓடிப்போய்விட்டது”, “வேறு வீட்டில் இருக்கிறது” என்று கூறும் பெற்றோர் உண்டு. இரக்கத்தால் கூறினும் அது பொய்யே. பஞ்சசீலத்தின் நான்காவது சீலம் பிள்ளைகளிடம் பேசும்போது தளர்ந்துவிடுவதன்று. அன்றியும், ஓடிப்போயிற்று என்று கேட்ட பிள்ளை நாள்தோறும் தெருவை நோக்கிக் காத்திருக்கும். இறந்துவிட்டது என்று கேட்ட பிள்ளை அழும், அழுது தெளியும். தோன்றியவை யாவும் மறையும் என்னும் அநித்திய உண்மையைப் பிள்ளை முதன்முதல் அறியும் இடம் பெரும்பாலும் ஒரு வளர்ப்புப் பிராணியின் மரணமே. அந்த வாயிலைப் பெற்றோர் பொய்யால் அடைத்துவிடலாகாது.

மூன்றாம் கருத்து: அன்புக்கு விழிப்பு வேண்டும்

இக்கதையில் கவனியாது விடப்படும் இடம் ஒன்று உண்டு. கன்றுக்குப் பகைவர் இல்லை, புலி அடிக்கவில்லை. அன்போடு அளிக்கப்பட்ட உணவே மிகுந்து அதனைக் கொன்றது. சோர்ந்து கிடந்த வேளையில் அருகில் எவரும் இல்லை. தவசியிடம் அன்பு குறையவில்லை, விழிப்பே குறைந்தது. மிகபோதக ஜாதகத்து மான்கன்றும் புல்லை மிகுதியாகத் தின்றே இறந்தது. இரு கதைகளிலும் இறப்பின் காரணம் ஒன்றாயிருப்பது கருதத்தக்கது.

இங்கே பிள்ளையின் கேள்விக்கு வருவோம். நாம் போனதால்தான் இறந்ததா? கொலை என்னும் குற்றம் நிறைவுற ஐந்து உறுப்புகள் வேண்டும் என உரையாசிரியர் கூறுவர்: உயிருள்ள ஒன்று இருத்தல், அது உயிருள்ளது என்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் நேரும் மரணம். ஊருக்குச் சென்ற குடும்பத்தாரிடம் கொல்லும் எண்ணம் இல்லை, முயற்சியும் இல்லை. ஆகவே அவர்கள் முதற்சீலத்தை மீறினாரல்லர். இதனைப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லி, அதன் நெஞ்சிலிருந்து கொலைப்பழியை இறக்கிவிட வேண்டும்.

ஆயினும் அங்கே நின்றுவிடலாகாது. செய்திருக்கக்கூடியதைச் செய்யாது விட்டிருப்பின் அது பிரமாதம், அதாவது விழிப்பின்மை. அதற்கு மருந்து தன்னைத்தானே நொந்துகொள்வதன்று. அடுத்த முறை விழிப்போடிருப்பதே. கதையின் இறுதிப் பொருத்தம் இதனையே உணர்த்துகிறது. அதே இருவர் வேறொரு பிறவியில் மீண்டும் கூடினர்; மீண்டும் பிரிந்தனர்; அதே முதியவர் அதே அழுகையை அழுதார். ஒரு பிறவியில் கேட்டுத் தெளிந்த பாடமும் பயிலாது விட்டால் மறந்துபோகும். துயரம் அதனை மறுபடியும் கற்பிக்க வரும்.

இல்லறத்தார் செய்யத்தக்கவை

தக்காண பூமியில் மே மாதத்தில் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடக்கும் நாள்கள் உண்டு. மனிதனுக்கு உடல் முழுவதும் வேர்க்கிறது. நாய்க்கு அவ்வாறில்லை, பாதத்தின் அடிப்பகுதியில் மட்டுமே சிறிது வேர்க்கும். நாவை நீட்டி இளைத்தே அது தன் உடலைக் குளிர்வித்துக்கொள்கிறது. அதன் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 பாகை பாரன்ஹீட் வரை. அது 106-ஐ எட்டினால் உயிருக்கே ஆபத்து. தகரக் கூரையின் கீழும், காற்றோட்டமற்ற அடைத்த அறையிலும், நிழல் நகர்ந்துவிடும் முற்றத்தில் சங்கிலியாலும் கட்டிவைப்பது பெருந் தீங்கு. முதிய நாய்களும், குட்டிகளும், தட்டை மூக்குடையனவும் வெப்பத்தை மிகவும் குறைவாகவே தாங்கும். கடுமையாக இளைத்தல், கெட்டியான எச்சில் வடிதல், தள்ளாடுதல், வாந்தி ஆகியவை கண்டால் உடனே நிழலுக்குக் கொணர்ந்து, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறி, கால்நடை மருத்துவரிடம் விரைய வேண்டும்.

ஊருக்குப் புறப்படுவோர் அண்டை வீட்டாரிடம் “பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் கூறுதல் போதாது. எத்தனை வேளை, எவ்வளவு உணவு, எத்தனை பாத்திரம் தண்ணீர், நண்பகலில் எங்கே கட்டுவது, நோயுற்றால் எந்த மருத்துவர் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். செலவுக்குப் பணமும் கொடுக்க வேண்டும். இரயிலில் கொண்டு செல்ல விரும்புவோர் பார்சல் அலுவலகத்தில் முன்பே விசாரித்துப் பதிவு செய்தல் வேண்டும். கார்டு வண்டியின் கூண்டில் கோடைப் பகலைக் கழிப்பது அப்பிராணிக்கு எளிதன்று என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவை தயவு மட்டுமல்ல, கடமையும் ஆகும். 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டம், வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் நிழலும் தராதிருத்தலையும், தக்க காரணமின்றிப் பிராணியைப் பசி தாகத்தால் வருந்துமாறு கைவிடுதலையும் குற்றம் என்கிறது. அச்சட்டத்தின்படி 1962-இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவர் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார்.

இச்சட்டத்திற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே, தேவானாம்பிய அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதருக்கு ஒன்றும் விலங்குகளுக்கு ஒன்றுமாக இருவகை மருத்துவத்தை ஏற்படுத்தியதையும், மூலிகைகளை நட்டதையும், வழிகளில் இரு சாராரும் பயன்பெறக் கிணறு தோண்டி மரம் வைத்ததையும் பொறித்தார். அவ்வேற்பாடு சென்ற நாடுகளின் வரிசையில் சோழரும் பாண்டியரும் குறிக்கப்படுகின்றனர். மணிமேகலை கூறும் ஆபுத்திரனோ, வேள்விக்குக் கட்டிய பசுவை விடுவித்து, அதன் பொருட்டு ஊராரின் வசையையும் அடியையும் ஏற்றான். இத்தகைய மரபுக்கு நாம் உரியவர்கள்.

இனி, இறந்த பிராணிக்கு என் செய்வது? அதன் உடலைக் குப்பையில் எறியாது, ஆழக் குழி தோண்டிப் பிள்ளைகளும் உடனிருக்கப் புதைக்கலாம். பின்பு அதன் நினைவாக ஒரு தானம் செய்து, அப்புண்ணியத்தை அனுமோதனையாக அளிக்கலாம். கோடையில் இதற்குச் சிறந்த தானம் தண்ணீரே. இறந்த நாயின் பாத்திரத்தையே கழுவி, நாள்தோறும் காலையில் நீர் நிரப்பித் தெருநாய்களுக்கும் பறவைகளுக்குமாக வாயிலில் வைக்கும் பொறுப்பை அழுத பிள்ளையிடமே ஒப்படைக்கலாம். மற்றொரு குட்டியை உடனே கொணர்வதினும் இது நன்று. ஓர் உயிர்மேல் வைத்த அன்பு பல உயிர்கள்மேல் பரவுவதற்கு இதுவே வழி. அதற்கே மைத்திரி என்று பெயர்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. சக்கன் தவசியைக் கடிந்தானா, தேற்றினானா? காரணம் கூறுக.

2. சோமதத்தனின் இறப்புக்கு அன்பு காரணமா, விழிப்பின்மை காரணமா?

3. ஐந்து உறுப்புகளுள் எவை இல்லாமையால் ஊருக்குச் சென்ற குடும்பத்தார் முதற்சீலத்தை மீறினாரல்லர்?

4. நம் வீட்டில் வளரும் பிராணி, நாம் இல்லாத நாளில் யாரிடம், எந்த ஏற்பாட்டோடு இருக்கும்? விடுமுறைக்கு முன் குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து எழுதி வைக்க.