கூரைமேல் ஒரு செவி

நுழையும்முன்
கைப்பேசியும் தொலைபேசியும் இயங்காத நாளில் செய்தி எவ்வாறு செல்லும்? வீட்டின் மேல்தளத்தில் நிற்கும் ஒரு சிறு கம்பி இதற்கு விடை கூறும். அதை நிறுவும் முறையையும், நிறுவுவோர் கொள்ள வேண்டிய எச்சரிக்கையையும் இப்பாடத்தில் அறிவோம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை. அந்தமான் தீவுகளை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அப்போது போர்ட் பிளேர் நகரில் பாரதி பிரசாத் என்னும் அமெச்சூர் வானொலியாளர் தங்கியிருந்தார். உலகெங்கும் உள்ள வானொலியாளர்களுடன் தீவிலிருந்து பேசுவதற்காகத் தில்லியிலிருந்து சென்றிருந்த அவர், கருவியையும் ஆண்டெனாவையும் முன்பே அமைத்திருந்தார். அந்த ஏற்பாடே தீவின் குரலாயிற்று. உறவினரின் நலம் அறியத் தவித்த மக்களுக்கு அவரும் அவர் குழுவினரும் செய்திகளைச் சேர்ப்பித்தனர். இடர் வருமுன் ஆயத்தமாக இருந்ததே இடர் வந்தபோது உதவியது.

இத்தகைய வானொலியாளர்களின் உரையாடலைக் கேட்க ஸ்கேனர் என்னும் கருவி பயன்படுகிறது. அது பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடி, ஒலி எழும் இடத்தில் நிற்கும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் வானொலி 145.8 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்புவதுண்டு. நிலையம் நம் வானைக் கடக்கும் சில நிமிடங்களில் அதனைக் கேட்கலாம்.

இவ்வலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. கான்கிரீட் சுவரும் அதனுள் உள்ள இரும்புக் கம்பிகளும் அவற்றின் வலிமையைக் குறைக்கும். ஆகவே, ஆண்டெனா வீட்டிற்கு வெளியே, உயரத்தில் இருத்தல் நன்று. ஆண்டெனாவை ‘அலைவாங்கி’ என்றும் கூறலாம்.

அலைவாங்கியின் நீளத்தைக் கணக்கிடுவது எளிது. 300 என்னும் எண்ணை மெகா ஹெர்ட்ஸ் அளவால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 145.8 மெகா ஹெர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ 2.06 மீட்டர். அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 51 செ.மீ. நீளமுள்ள செம்புக் கம்பி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். அதன் அடியில், அதே நீளமுள்ள நான்கு கம்பிகளை நான்கு திசைகளிலும் கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்த வேண்டும். கேபிளின் நடுக்கம்பி செங்குத்துக் கம்பியோடும், அதைச் சூழ்ந்த வலைக்கம்பி சாய்ந்த கம்பிகளோடும் இணையும். இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடலாகாது.

கேபிள் இயன்றவரை குறுகியதாக இருக்கட்டும். மெல்லிய கேபிள் நீண்டு சென்றால், அலையின் வலிமையில் பாதிக்கும் மேல் வழியிலேயே தேய்ந்துவிடக்கூடும். இணைப்புகளில் மழைநீர் புகாதபடி நாடா சுற்ற வேண்டும். கேபிள் வீட்டினுள் நுழையுமுன் அதனைக் கீழ்நோக்கி வளைத்துவிட வேண்டும். கேபிளில் வழியும் நீர் அவ்வளைவில் சொட்டிவிடும், வீட்டினுள் வராது.

இவை அனைத்தினும் முதன்மையானது உயிர்க்காப்பு. கம்பம் எப்பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பமும் ஆண்டெனாவும் சேர்ந்த நீளத்தைப் போல் இருமடங்கு தொலைவேனும் விடுவது நன்று. கம்பம் சாயத் தொடங்கினால் அதைப் பிடிக்க முயலக் கூடாது. விட்டு விலகிவிட வேண்டும். விழுந்த கம்பத்தை மீண்டும் நிறுத்தலாம். இழந்த உயிரை மீட்க இயலாது. மழையிலும் பலத்த காற்றிலும் மேல்தளத்தில் வேலை செய்தல் தகாது. சிறுவர் தனித்து இப்பணியில் இறங்கக் கூடாது.

கம்பத்தைத் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு நிலத்தோடு இணைக்க வேண்டும். கேபிள் நுழையும் இடத்தில் மின்னல் காப்புக் கருவியும் வேண்டும். ஆயினும் நேரடி மின்னலை எக்கருவியும் முழுமையாகத் தடுக்காது. எனவே, இடி முழங்குவதற்கு முன்பே கேபிளைக் கழற்றிவிடுதல் அறிவுடைமை.

வாடகை வீடாயின் உரிமையாளரிடமும், அரசுக் குடியிருப்பாயின் உரிய அலுவலகத்திடமும் இசைவு பெற வேண்டும். கருவி வாங்குமுன் அரசு விதிகளை அறிதலும் கடமை. வானொலியில் பேச விரும்புவோர் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் வென்று உரிமம் பெற வேண்டும். 12 வயது நிறைந்தோர் அத்தேர்வை எழுதலாம்.

ஊர் உறங்கும்போதும் கூரைமேல் விழித்திருக்கும் செவி அலைவாங்கி. அதனைக் கருத்துடன் நிறுவினால் தொலைவில் உள்ளோரின் குரல் வீட்டை வந்தடையும்.

சொல்லும் பொருளும்
ஆழிப்பேரலை – சுனாமி
இடர் – துன்பம்
ஆயத்தம் – முன்னேற்பாடு
இசைவு – ஒப்புதல்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. மின்கம்பி
2. இவ்வலைகள்
3. உயிர்க்காப்பு

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. அலைநீளம் காண, 300ஐ ______ அளவால் வகுக்க வேண்டும்.
2. இடி முழங்குமுன் ______ கழற்றிவிட வேண்டும்.

இ. விடை எழுதுக.
1. பாரதி பிரசாத்தின் ஏற்பாடு அந்தமான் மக்களுக்கு எவ்வாறு உதவியது?
2. சாயும் கம்பத்தை ஏன் பிடிக்கக் கூடாது?
3. 100 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிய செங்குத்துக் கம்பியின் நீளத்தைக் கணக்கிடுக.

ஈ. கேட்டு எழுதுக.
முற்காலத்தில் ஊரில் தொலைக்காட்சி ஆண்டெனாவை எவ்வாறு திருப்பிப் படம் தெளியச் செய்தனர் என்பதைத் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.